மீன் வண்டியில் போன ஊர்வலம்

வங்கி மேலாளர் தந்த கடிதத்தை மூன்று முறை படித்தேன். எங்கள் போராட்டக் குழுவுக்கு அந்நிய நாட்டுப் பணம் வந்திருக்கிறதாம். விசாரணை முடியும்வரை கணக்கிலிருந்து ஒரு பைசா எடுக்கக் கூடாதாம். கூடங்குளத்து அணு உலை வேண்டாம் என்று உவரிப் பக்கத்துக் கடற்கரை ஊர்களெல்லாம் சேர்ந்து திருநெல்வேலி கலெக்டர் அலுவலகத்துக்குப் போக இன்னும் மூன்றே நாள். காசு கொடுக்காமல் லாரி வராது.

அந்த அந்நிய நாட்டுப் பணம் என் தம்பி அனுப்பியது.

எங்கள் ஊரில் கப்பல் வேலைக்குப் போகிறவன் முதல் சம்பளத்தில் ஒரு பங்கைக் கோயிலுக்குக் கொடுத்துவிடுவான். கப்பல் வேலையில் சேர்ந்த தம்பி அந்தப் பங்கை எப்படி அனுப்ப என்று சிங்கப்பூரிலிருந்து எழுதிக் கேட்டபோது, கோயிலுக்குக் கொடுக்க ஆள் இருக்கிறது, நீ ஊருக்குக் கொடு என்று குழுவின் கணக்கு எண்ணைப் பெருமையாக எழுதி அனுப்பியவள் நான். பள்ளிக்கூட டீச்சர் என்பதால் குழுவின் எழுத்து வேலையெல்லாம் என் தலையில். எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தியிடம் விட்டிருந்தால் இந்த வினை வந்திராது.

என்னோடு வங்கிக்கு வந்திருந்த குழுத் தலைவர் நாலு மீன்பிடி வள்ளத்துக்குச் சொந்தக்காரர். நிதானமாகத்தான் கேட்டார்.

"நம்ம ஊர்ப் பய உழைச்ச சம்பளம் எப்படி சார் அந்நியப் பணமாவும்?"

"நீங்க சொல்லுதது சரிதான். எழுதிக் கேளுங்க. பதில் வர ஆறு மாசமாவது ஆவும்" என்றார் மேலாளர், முகத்தைப் பார்க்காமல்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சட்டப்படி சரியா தப்பா என்பது மேலே இருப்பவர்களுக்குப் பொருட்டே இல்லை. அந்த மூன்று நாள் கழிந்தால் போதும்.

கடற்கரையில் எல்லார் முன்னாலும் நின்று, தப்பு என்னுடையது என்று சொன்னேன். யாரும் திட்டவில்லை. அதுதான் அழ வைத்தது. பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்கு மீன் எடுக்கும் அண்ணாச்சியும் அங்கே நின்றார்.

"தெனமும் எட்டு வண்டி போவுதுல்லா? அன்னைக்கு மீனைப் பாதியாக் கொறச்சிக்கிடுதேன். ஆளுங்க ஏறட்டும். இதுக்கு எந்த பேங்குல வே கேக்கணும்?"

"மீன் நாறுமே அண்ணாச்சி" என்றாள் ஒருத்தி.

"ஒனக்கு இன்னைக்குத்தான் புதுசா நாறுதாக்கும்" என்றார் தலைவர். அழுதுகொண்டிருந்த நானும் சிரித்துவிட்டேன்.

அந்தக் காலையை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. எட்டு வண்டியிலும் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே ஆணும் பெண்ணும் நெருக்கியடித்து நின்றோம். திசையன்விளை தாண்டியதும் போலீஸ் மறித்தது.

"வண்டிக்கெல்லாம் யாரு காசு குடுத்தா?"

பெட்டி மேல் உட்கார்ந்திருந்த என் அம்மா மடியிலிருந்த கூடையை இறக்கவே இல்லை.

"மீன் போற வண்டியில மீன்காரி போறதுக்கு யாருய்யா காசு குடுக்கணும்?"

போலீஸ்காரர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கையை அசைத்தார். எட்டு வண்டியும் கிளம்பின. கொக்கிரகுளத்தில் இறங்கி கலெக்டர் அலுவலகத்தை நோக்கி நடந்தபோது பிள்ளைகளை அதட்டியே பழகிய என் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வரும் என்று நான் நினைத்ததே இல்லை. ஆனந்தமாக இருந்தது.

அடுத்த மாதம் தம்பி எழுதியிருந்தான்: "என் பணம் உதவியதா அக்கா?"

அவனுக்குப் பதில் எழுதினேன். "உன் பணம் பூட்டுக்குள் கிடக்கிறது. இனிமேல் ஊருக்குக் கொடுப்பதை லீவில் வரும்போது கையோடு கொண்டுவா. நாங்கள் போய்விட்டு வந்துவிட்டோம்."