அத்தானின் விலாவில் ஒரு சிங்கம்

சிங்கப்பூரின் பாசிர் ரிஸ்ஸில் அக்கா வீட்டு வெள்ளை சோஃபாவின் கைப்பிடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காவிக் கறை உண்டு. எதைப் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அதற்குக் காரணம் நான்.

அக்காவின் கணவர், என் அத்தான், சாங்கி விமான நிலையச் சரக்குப் பிரிவில் வேலை பார்த்தவர். ஓய்வு பெறும் சமயத்தில் அவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஆண்டுக்கணக்கில் மெதுவாகக் கூடவே வரும் வகை. வெள்ளை அணுக்கள் ஏராளம், ஆனால் கிருமியோடு சண்டை போடத் தெரியாதவை. "நம்ம செக்‌ஷன் மாதிரிதான் லா மாப்ளே. ஆளு நிறைய, வேலை செய்ய ஒருத்தனும் இல்ல" என்று சிங்கப்பூர்ப் பேச்சின் 'லா'வோடு அவரே சிரிப்பார். காய்ச்சலோ கொப்புளமோ வந்தால் அன்றைக்கே வந்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் விலாவில் கொப்புளங்கள் வரிசைகட்டி நின்றன. "இது அக்கிதான். காவியக் குழைச்சு சிங்கம் வரைஞ்சா இறங்கிரும்" என்றாள் அக்கா. ஊரில் அக்கி எழுதுவது குயவர் வேலை. சிங்கப்பூரில் குயவருக்கு எங்கே போவது? பள்ளியில் ஓவியத்துக்குப் பரிசு வாங்கியவன் என்று என்னைப் பிடித்தார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான். இந்தியக் கடைகள் நிறைந்த தேக்காவில் ஒரு பூசைச் சாமான் கடையில் காவி வாங்கி வந்து, அத்தானைச் சோஃபாவில் சாய்த்து, சிங்கத்தின் பிடரி மயிரை ஒவ்வொன்றாக இழுத்து இழுத்து வரைந்தேன். வலியில் அவர் நெளிந்தபோது கிண்ணம் கவிழ்ந்தது.

மறுநாள் மாலைக்குள் கொப்புளங்கள் முதுகுக்கும் மார்புக்கும் தாவிவிட்டன, காய்ச்சல் வேறு. டாக்ஸி பிடித்து மருத்துவமனைக்கு ஓடினோம். சட்டையைத் தூக்கிப் பார்த்த தமிழ்த் தாதி, "இது என்னங்க, பூனையா?" என்றாள். அந்த நிலையிலும் அத்தான் சிரித்தார். டாக்டர் சிரிக்கவில்லை. சின்ன வயதில் வந்த அம்மையின் கிருமி உடம்பிலேயே தூங்கிக் கிடந்து இப்போது எழுந்திருக்கிறது, இவர் உடம்பில் அதை அடக்க ஆளில்லை, நுரையீரல் வரை போகலாம், நேற்றே மருந்து தொடங்கியிருக்க வேண்டும் என்றார். அந்த நேற்றை நான் பிடரி மயிருக்குச் செலவழித்திருந்தேன். பத்து நாள் நரம்பு வழியாக மருந்து ஏறியது. பத்து நாளும் நான் செத்துச் செத்துப் பிழைத்தேன்.

அத்தான் பிழைத்து வந்தார். விலாவில் வலி மட்டும் தங்கிவிட்டது. "உன் பூனை பிறாண்டுது மாப்ளே" என்பார். எனக்கு இன்றும் அதற்குச் சிரிப்பு வருவதில்லை.

போன வாரம் அவரைப் பார்க்கப் போனேன். கதவருகே ஒரு தும்மல் போட்டேன். அவ்வளவுதான், அத்தான் முகக்கவசத்தை மாட்டிக்கொண்டு இரும்புக் கிரில்லைத் திறக்க மறுத்துவிட்டார். கம்பிகளுக்கு நடுவே சோஃபாக் கறை தெரிந்தது.

"சாதாரண சளிதான் அத்தான்."

"உனக்குச் சளி. எனக்கு அது நிமோனியா. இப்பவே கிளினிக்குக்குப் போ லா" என்றார். நான் தயங்கி நின்றதும் குரலைத் தாழ்த்தினார். "போகலேன்னா சொல்லு, அக்கா மிச்சக் காவிய எடுத்து வச்சிருக்கா. உன் மூக்கு மேல நான் வரையறேன்."

நான் கிளினிக்குக்குப் போனேன்.