விமானிக்கு எதற்குப் பேக்கரி?

அலுவலகத்தில் அவளுக்கு ‘ரப்பர்’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் காதில் விழுந்த அன்றே கடைக்குப் போய் பென்சில் கோடு அழிக்கிற நிஜ ரப்பர் ஒன்றை வாங்கிவந்து, எல்லோரும் பார்க்கத் தன் மேஜையில் வைத்தாள்.

சின்ன விமானம் ஓட்டுகிறவர்கள் தொடையில் ஒரு டேப்லெட்டைக் கட்டிக்கொண்டு பறப்பார்கள். அதில் ஓடும் மேப்பைத் தயாரிக்கிற கம்பெனி அது. மேப்பில் எது இருக்கலாம், எது கூடாது என்று தீர்மானிப்பது ரப்பரின் வேலை. பெரும்பாலும் ‘கூடாது’தான். தெருப் பெயர் கூடாது. பள்ளிக்கூடம் கூடாது. ஓடுதளம், தடை செய்யப்பட்ட வான்பகுதி, மலை, கோபுரம், மின்கம்பி. அவ்வளவுதான். “மோதினா சாகடிக்கிறது மட்டும் இருக்கட்டும், மத்ததெல்லாம் கிளம்பு” என்பாள்.

புது மேலாளர் சாப்பாடு டெலிவரி செய்கிற ஆப்பிலிருந்து வந்தவர். கெட்டவர் இல்லை, காலில் சக்கரம் கட்டியவர். வந்த வேகத்தில் விமானிகளிடம் கருத்துக் கேட்டார். மேப்பில் என்னென்ன வேண்டும்? எல்லாம் வேண்டும் என்றார்கள் விமானிகள். செயற்கைக்கோள் படம், சாலை, கடை, ஒன்றுவிடாமல். வருடாந்திர விமானக் கண்காட்சி நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் எல்லாம் நிறைந்த புது மேப் தயார்.

“பசியோட கடைக்குப் போறவன் கூடையைப் பாத்திருக்கீங்களா சார்?” என்று கேட்டாள் ரப்பர். “தரையில உக்காந்திருக்கிற விமானி அந்த மாதிரிதான். மேல போனப்புறம் கேளுங்க.”

“நம்ம போட்டியாளர் மேப்புல பேக்கரிகூட தெரியுதும்மா!”

“பறக்கிறவனுக்கு எதுக்கு சார் பேக்கரி? ஜன்னலைத் திறந்து பன் வாங்கவா?”

அறையில் சிலர் இருமினார்கள். மேலாளர் சிரிக்கவில்லை.

அந்தக் கம்பெனியில் ஒரு கறாரான நடைமுறை உண்டு. ‘இதை நம்பிப் பறக்கலாம்’ என்ற பட்டனை ஒருவர் அழுத்தினால்தான் மேப் வெளியே போகும். அழுத்தியவர் பெயர் அதோடு நிற்கும். வானத்தில் ஏதாவது ஆனால் முதல் போன் அவருக்குத்தான் வரும். அழுத்தும் உரிமை ரப்பருக்கும் மேலாளருக்கும் மட்டுமே. இதுவரை அழுத்தியது ரப்பர்தான்.

“திங்கட்கிழமை அழுத்திடுங்க. இல்லேன்னா இந்த வேலைக்கு வேற ஆள் பாக்க வேண்டியிருக்கும்” என்றார் மேலாளர்.

வீட்டில் அவளுடைய பரிசோதனைக்கூடம் பால்கனியில் இருந்தது. சலவை எந்திரம் துணியைப் பிழிந்து தடதடக்கும்போது அதன் மேல் டேப்லெட்டை வைப்பாள். கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொள்வாள். கணவன் பக்கத்தில் நின்று உயரம், வேகம், காற்று என்று எண்களை அடுக்கிக்கொண்டே போவான்; அவள் அவற்றைத் திருப்பிச் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு கண்ணிமைப்பு நேரம் திரையைப் பார்க்கலாம். பார்த்ததும் மின்கம்பி எந்தப் பக்கம் என்று சொல்லத் தெரிந்தால் மேப் பாஸ்.

“துணி வெளுக்குதோ இல்லியோ, மேப்பு நல்லா வெளுக்குது” என்றாள் மாமியார், கையில் ஈர வாளியோடு. “என் போர்வையை எப்பம்மா போடுறது?”

“இதோ அத்தை, இன்னும் ஒரு தடவை.”

மேலாளரின் மேப் பாஸாகவில்லை. மின்கம்பி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு ஷூக் கடையின் பெயர் உட்கார்ந்திருந்தது.

நாத்தனார் மலையூர்களுக்குப் பார்சல் ஏற்றிப்போகும் விமானி. ஞாயிற்றுக்கிழமை காலி விமானத்தை அடிவாரத்துக்குத் திருப்பிக் கொண்டுவர வேண்டியிருந்தது. ரப்பர் இரண்டு மேப்புகளையும் எடுத்துக்கொண்டு மலையூருக்குப் போய்ப் பக்கத்து இருக்கையில் ஏறினாள்.

முதலில் மேலாளருடையது. வெயில் கண்ணாடியில் மோதித் திரையெல்லாம் பளபளத்தது. கணவாய்க்குள் நுழைந்ததும் விமானம் தூக்கிப் போட்டது.

“என்ன அண்ணி இது, சந்தைக்குள்ள விட்டுட்டீங்க? கம்பி எங்க? நான் இந்த வழிக்குப் பழகினவ, பொழச்சேன். புதுசா வர்றவன்?”

ரப்பருக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். உடனே தன் மேப்பைப் போட்டாள். வெள்ளைத் தாளாக விரிந்தது. கம்பி, கோபுரம், ஓடுதளம்.

நாத்தனார் திரையைப் பார்த்தாள். வெளியே பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

“என் ரயில் எங்க?”

“எந்த ரயில்?”

“கீழ போகுது பாருங்க, தண்டவாளம். அதைப் பிடிச்சுத்தான் நான் வழி போவேன். ஆத்தையும் காணோம். வெளிய பாத்ததை உள்ள தேடுறேன், உள்ள ஒண்ணுமே இல்லியே!”

“ரயில் மேல போய் யாரும் மோத மாட்டாங்க.”

“அண்ணி, நீங்க மோதறதையே நினைச்சிட்டிருக்கீங்க. நான் எங்க இருக்கேன்னு தெரிய வேணாமா? அந்தாளு குப்பையைக் கொட்டினாரு. நீங்க வீட்டையே காலி பண்ணிட்டீங்க.”

இறங்கும்வரை ரப்பர் கீழே ஓடிய தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். பத்து வருஷத்தில் எத்தனை தண்டவாளங்களைத் துடைத்து எடுத்தோம் என்று எண்ணிப் பார்த்தாள். வீட்டுக்குப் போனதும் உட்கார்ந்து ரயிலையும் ஆறுகளையும் பெரிய நெடுஞ்சாலைகளையும் திரும்பப் போட்டாள். மாமியாரின் போர்வை அன்றும் சலவை எந்திரத்தில் ஏறவில்லை.

திங்கட்கிழமை மேலாளர் அதைப் பார்த்து முகம் மலர்ந்தார். “பாத்தீங்களா! நீங்களே சேக்க ஆரம்பிச்சிட்டீங்க. அப்படியே கடையையும் சேத்துட்டா முடிஞ்சுது.”

“நான் தப்பு பண்ணியிருந்தேன் சார், திருத்திட்டேன். மேலேருந்து கண்ணுக்குத் தெரியறது வேணும். தெரியாம கொல்றது வேணும். பேக்கரி ரெண்டுலயும் வராது.”

“கண்காட்சிக்கு மட்டும்மா. கண்ணைப் பறிக்கணும்.”

“கண்ணைப் பறிச்சுட்டா எப்படி சார் ஓட்டுவான்?”

“அழுத்துவீங்களா மாட்டீங்களா?”

“உங்களோடதை மாட்டேன். அவ்வளவு நம்பிக்கைன்னா நீங்க அழுத்துங்க. உங்களுக்கும் உரிமை இருக்கு.”

மேலாளர் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தன் மேப்பைத் திறந்தார். பட்டன் பச்சையாக நின்றது. கீழே அவர் பெயர் தயாராக இருந்தது. விரல் திரைவரை போனது. அங்கேயே நின்றது. “சட்டப் பிரிவுல ஒரு வார்த்தை கேட்டுட்டு...” என்று போனை எடுத்தார். மறுமுனையில் என்ன சொன்னார்களோ, “சரி, சரி” என்று வைத்துவிட்டார்.

ரப்பர் அவர் தோளுக்கு மேலாக எட்டித் தன் மேப்பைத் திறந்தாள். ரயில் ஓடியது, ஆறு ஓடியது, கம்பி தெளிவாகக் கணவாயைக் கடந்தது. அவர் கண்ணெதிரிலேயே தன் பெயரில் பட்டனை அழுத்தினாள்.

“இது வேலையை விட்டுத் தூக்குற விஷயம், தெரியும்ல?” என்றார் மேலாளர்.

“தூக்குங்க சார். அதுக்கும் ஒரு பட்டன் இருக்கும். அதையாவது நீங்களே அழுத்துங்க.”