ஓவியாவின் ஐந்தாம் நாள் காய்ச்சல்

விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு மருந்து செலுத்துகிறவள் பாண்டிலட்சுமி. பதினோரு வருஷ வேலை. கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்த சமயம், ஒரு வாரம் அவளுக்குக் கந்தக வாடையே தெரியவில்லை. சொன்னால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை.

ஒரு மாதம் கழித்து எட்டு வயது மகள் ஓவியாவுக்குக் காய்ச்சல் கண்டது. கூடவே வயிற்றுவலி, வாந்தி. மாத்திரைக்குக் கொஞ்சம் இறங்கும், மறுபடி அனலாய்க் கொதிக்கும். ஐந்தாம் நாள் காலையில் கண்ணிரண்டும் சிவந்து, உதடு வெடித்து, நெஞ்செல்லாம் தடிப்புத் தடிப்பாய்ப் படர்ந்திருந்தது. அம்மை என்று நினைத்து வேப்பிலை ஒடிக்கக் கிளம்பினான் கணவன் மாரீஸ்வரன். பாண்டிலட்சுமி கேட்கவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினாள்.

நர்ஸ் பெர்சிஸ் நாடி பிடித்துப் பார்த்தார். அது பறந்துகொண்டிருந்தது. உடம்பு கொதித்தாலும் விரல்நுனி சில்லிட்டிருந்தது.

"யக்கா, ஒரு மாசத்துக்கு முந்தி வீட்டுல யாருக்காச்சும் கொரோனா வந்துச்சா? மறைக்காமச் சொல்லுங்க."

பாண்டிலட்சுமி மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு வாடை தெரியாம இருந்துச்சு சிஸ்டர். டெஸ்ட் எடுக்கல. இவளுக்கு அப்ப லேசாச் சளிதான்... என்னாலயா இப்படி?"

"அதெல்லாம் இப்பப் பேசாதீக. நீங்க சொன்னதே பெரிய உதவி. கொரோனா போன பெறகு சில பிள்ளைகளுக்கு இப்படி உடம்பு கெடந்து கொதிக்கும், இருதயத்தையும் பிடிக்கும். வைத்தியம் இருக்கு. ஆனா இங்கன இல்ல."

டாக்டர் சீட்டு எழுதிக் கொடுக்க, ஆம்புலன்ஸ் விருதுநகர் பெரியாஸ்பத்திரிக்குப் பறந்தது.

அங்கே எடுத்த சோதனையில் கொரோனா இல்லை என்று வந்தது. அவள் ஆறுதல் கொள்வதற்குள் குழந்தை மருத்துவர் சீனிவாசகம் சொன்னார்: "கிருமி போயிருச்சும்மா. அதை எதிர்த்த சக்தி இன்னும் அடங்காம உடம்பையே தாக்குது. எக்கோ ஸ்கேன்ல பாத்தா இருதயம் கொஞ்சம் தளர்ந்து துடிக்கு. பிரஷரும் எறங்கியிருக்கு."

ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். இம்யூனோகுளோபுலின் என்ற மருந்து பகல் முழுக்கச் சொட்டுச் சொட்டாய் ஏறியது. மானிட்டர் கூவிய ஒவ்வொரு தடவையும் பாண்டிலட்சுமி பதறி எழுந்தாள். மாரீஸ்வரன் கொண்டுவந்த இட்லிப் பொட்டலம் பிரிக்காமலே கிடந்தது.

மறுநாள் மதியம் காய்ச்சல் இறங்கியது. ஓவியா கண் திறந்து, "யம்மா, பசிக்கு" என்றாள். அதைக் கேட்டதும்தான் பாண்டிலட்சுமி வாய்விட்டு அழுதாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த ஒன்பதாம் நாள் வீடு திரும்பினார்கள். ஆறு வாரம் கழித்து எடுத்த எக்கோவில் இருதயம் சரியாகிவிட்டது தெரிந்தது. ஆனாலும் ஆறு மாதத்துக்கு ஓட்டம், ஆட்டம் கூடாது என்றார்கள். அந்தக் கெடுவும் முடிந்து, இப்போது ஓவியா பள்ளிக்கூட பஸ்ஸுக்கு ஓடித்தான் போகிறாள். பாண்டிலட்சுமிக்குத்தான் தினமும் வாசலில் அவளை நிறுத்திக் கழுத்தைத் தொட்டுப் பார்க்காமல் முடிவதில்லை.

"விடும்மா, பஸ் போயிரும்!"