வெள்ளைத் துணியில் நீலம்

அந்தத் தெருவில் அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் ஞாபகமில்லை. நேரில் பார்த்தால் சார், முதுகுக்குப் பின்னால் பாலிஷ். குடிநீர் அலுவலகத்தில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து ஓய்வு பெற்றவருக்கு இந்தப் பெயர் வந்தது அவருடைய காரால். பழைய கார்தான், இரண்டு கை மாறி மூன்றாவதாக இவரிடம் வந்தது. ஆனால் அதன் கருநீலத்தைப் பார்த்தால் நேற்றுத்தான் கடையிலிருந்து இறக்கியது போலிருக்கும். ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழுந்துவிடும் என்பார் எதிர்வீட்டுத் தையல்காரர். பெண்டாட்டியைக்கூட மனுஷன் இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டார் என்பார் இன்னொருவர். தெருவுக்கு வாய் சும்மா இருக்காது. காரணம் தெரிந்தால் மட்டும் மூடிக்கொள்ளுமா என்ன?

காரணம் அவருடைய மகன். இருபத்தெட்டு வயது, வாசல் நிலையில் தலை இடிக்கிற உயரம், பேச்சு மட்டும் நாலைந்து வார்த்தைக்கு மேல் வரவில்லை. வீட்டில் தங்கம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரின் மறுகோடியில் இவனைப் போன்றவர்களுக்கு ஒரு மையம் இருந்தது. காலையில் கொண்டுபோய் விட்டால் சாயங்காலம்வரை நாற்காலிகளுக்கு நைலான் நாடா பின்னிக்கொண்டிருப்பான். அவன் பின்னியதில் ஓர் இழை தளர்ந்திருக்காது. அந்த வேலை இருக்கிற நாளில் அவன் அவனாக இருப்பான். இல்லாத நாளில் சுவரில் தலையை மோதிக்கொள்வான். பஸ் ஆகாது, அந்தச் சத்தம் தாங்கமாட்டான். வேறு கார் ஆகாது. இந்தக் காரிலேயே அப்பாவைத் தவிர யார் ஸ்டீயரிங்கைத் தொட்டாலும் ஊரைக் கூட்டிவிடுவான். அம்மா ஒருமுறை ஓட்டப் பழகலாம் என்று அந்த இருக்கையில் உட்கார்ந்து பார்த்தாள். அன்று அவள் முன்கையில் விழுந்த பல்தடம் இன்னும் மறையவில்லை.

காரில் ஏறுவதற்கும் அவனுக்கு ஒரு முறை உண்டு. பின்பக்கத்து இடது கதவின் முன்னால் வந்து நின்று அதில் தன் முகத்தைத் தேடுவான். தெரிந்ததும் ஒரு சிரிப்பு, உள்ளங்கையால் கதவில் ஒரு தட்டு, பிறகு சமர்த்தாக ஏறி உட்கார்ந்துவிடுவான். முகம் தெரியாவிட்டால் தரையில் உட்காருவான். அப்புறம் தலைகீழாக நின்றாலும் எழுப்ப முடியாது. ஒரு மழைக்காலத்தில் கதவெல்லாம் சேறு அப்பியிருந்த காலையில் அப்படித்தான் உட்கார்ந்தான். தெருவே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. அன்று சாயங்காலம் அப்பா ஒரு மெழுகு டப்பா வாங்கி வந்தார்.

ஒன்றைப் பிடித்தால் குரங்குப்பிடியாகப் பிடிக்கிற ஆள் அவர். முதலில் தண்ணீரைப் பீய்ச்சித் தூசியை இறக்குவார். இரண்டு வாளி, ஒன்றில் ஷாம்பு, இன்னொன்று துணியை அலச. பிசைந்த களிமண் போன்ற ஒரு கட்டியை ஈரத்தோடு தேய்த்து, கண்ணுக்குத் தெரியாமல் விரலுக்கு மட்டும் தட்டுப்படுகிற சொரசொரப்பை எடுப்பார். அதன்பின் கீறலுக்குக் காம்பவுண்ட் எனும் சொரசொரப்பான பசை, மங்கலுக்குப் பாலிஷ், கடைசியில் மெழுகு. யாராவது காய்ந்த துணியால் வட்டம் வட்டமாகக் கார் துடைப்பதைப் பார்த்துவிட்டால் அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். தூசி என்றால் மணல், மணலை வைத்துத் தேய்த்தால் சிலந்திவலை மாதிரி வட்டக் கீறல் விழாமல் என்ன செய்யும் என்று பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டைக்கே நின்றிருக்கிறார்.

இந்தப் பாடங்களை அதிகம் கேட்டது அவர் மனைவி. துணிகளைத் துவைப்பது அவள் பொறுப்பு. எல்லாம் வெள்ளைத் துணிகள். வீட்டுத் துணியோடு சேர்க்கக்கூடாது, வாசனைத் திரவம் ஊற்றக்கூடாது, ஒன்று தரையில் விழுந்தால்கூட மறுபடி துவைக்க வேண்டும். நான் கட்டுகிற துணிக்கு இல்லாத மரியாதை இந்தக் கந்தலுக்கு என்று முணுமுணுத்துக்கொண்டே துவைப்பாள். ஏன் வெள்ளை என்று அவள் ஒருநாள் கேட்டதற்கு அவர் பாலிஷ் போடுவதை நிறுத்திவிட்டு விளக்கினார்.

"பாலிஷ்னா எதையும் சேக்கறது இல்ல, உரிக்கறது. கலருக்கு மேல கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு இருக்கு. அதைத்தான் மயிரிழை மயிரிழையா உரிக்கறோம். துணியில நீலம் ஒட்டிச்சுன்னா அந்தப் பூச்சு தீந்துபோச்சுன்னு அர்த்தம். அப்புறம் என்ன தேச்சாலும் முகம் தெரியாது."

அவர் அறுபத்தைந்தைத் தாண்டிய வருடம் கோளாறு தொடங்கியது. கதவில் வட்டம் வட்டமாகத் தெரிகிறது என்றார். வாசல் விளக்கின் ஒளி கதவில் விழுகிற இடத்தைச் சுற்றி வளையம் வளையமாகக் கீறல் இருக்கிறதாம். அவள் குனிந்து பார்த்தாள், பக்கவாட்டில் நின்று பார்த்தாள். கதவு கண்ணாடியாக இருந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லையே என்றாள். உனக்கு எங்கே தெரியப்போகிறது, இதற்கெல்லாம் கண் பழகியிருக்க வேண்டும் என்று அவர் அலுத்துக்கொண்டார்.

அவள் உள்ளே போனாள். கோளாறு கதவில் இல்லை என்று அவளுக்குத் தெரியும். அதற்கு முன்பே ஒருநாள் வீட்டு கேட்டின் இடதுதூணில் காரை உரசியிருந்தார். அடுத்து, இடப்பக்கம் நின்ற தள்ளுவண்டியை மயிரிழையில் தவறவிட்டார். அதுவரை மகனோடு பின்னால் உட்கார்ந்து போனவள் அன்றிலிருந்து முன்னால் வந்து உட்கார்ந்தாள். வாயையும் திறந்தாள். அந்தச் சைக்கிள்காரர் சட்டையைப் பாருங்கள், நம் பக்கமாக ஓடிவருகிற குழந்தை யார் வீட்டுப் பெண் என்று வழிநெடுகப் பேச்சு. வயதாக ஆக உனக்கு வாய் நீண்டுகொண்டே போகிறது என்பார் அவர். சொல்லிக்கொண்டே அந்தச் சைக்கிளுக்கு ஒதுங்கி வழிவிடுவார்.

டாக்டரிடம் போகலாம் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும், சந்தேகமே இல்லை. அவள் வாயை அடைத்தது ஓர் அறை. தினமும் கொண்டுவந்து விட முடியாதவர்களின் பிள்ளைகள் இங்கேயே தங்கிக்கொள்ளலாம் என்று மையத்துப் பொறுப்பாளர் அம்மாள் ஒருநாள் அதைத் திறந்து காட்டியிருந்தார். ஆனால் தங்கினால் தங்கியதுதான், அடிக்கடி வீட்டுக்குப் போய் வந்தால் பிள்ளைகள் தாங்கமாட்டார்கள் என்றும் சொன்னார். வரிசையாக இரும்புக் கட்டில்கள், உயரத்தில் ஜன்னல், பினாயில் வாடை. ஒவ்வொரு கட்டிலின் தலைமாட்டிலும் பிளாஸ்டிக் பையில் ஒரு பல் பிரஷ் தொங்கியது. வீடு திரும்பும்வரை புருஷனும் பெண்டாட்டியும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் கண் போனால் கார் நிற்கும். கார் நின்றால் மகன் அந்தக் கட்டிலுக்குப் போவான். அதனால் அவள் ரோட்டில் வாயைத் திறந்தாள், வீட்டில் மூடிக்கொண்டாள். யாராவது குறுக்கே வந்து விழுந்தால் என்ன ஆகும் என்று தெரியாதவள் இல்லை. தினமும் அதை நினைத்துக்கொண்டுதான் கார்க் கதவைத் திறந்தாள். ஆனாலும் உட்கார்ந்தாள்.

அவரோ வட்டங்களைப் போக்காமல் விடுவதில்லை என்று ஒற்றைக்காலில் நின்றார். மகன் தன் முகத்தைத் தேடும்போது இந்தக் கீறல்கள் குறுக்கே வருமே, ஒருநாள் பார்த்துவிட்டு ஏறமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அவர் கவலை. கையால் தேய்த்தது போதாதென்று சுழலும் மெஷின் ஒன்று வாங்கினார். வாரம் ஒருமுறை பாலிஷ் என்றிருந்தது நாளுக்கு ஒருமுறை ஆனது. அத்தனையும் அந்த ஒரே கதவில். காம்பவுண்டை மாற்றிப் பார்த்தார், மெழுகை மாற்றிப் பார்த்தார். வட்டங்கள் போகவில்லை. கடைக்காரன் கலப்படச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று திட்டினார்.

ஒருநாள் அவள் துணிகளை வாளியில் ஊறப்போட்டாள். தண்ணீர் லேசாக நீலம் பாரித்தது.

புதுப் பாலிஷின் நிறமாக இருக்கும் என்று முதலில் தன்னையே ஏமாற்றிக்கொண்டாள். பிறகு ஈரக்கையோடு போய்க் கதவைப் பார்த்தாள். நடுவில், கதவு சற்றே புடைத்திருக்கும் இடத்தில், ஒரு ரூபாய்க் காசளவுக்கு மங்கலாக இருந்தது. அப்போதே சொல்லியிருந்தால் மிச்சக் கதவாவது பிழைத்திருக்கும். ஆனால் கதவைச் சொன்னால் கண்ணைச் சொல்ல வேண்டும். கண்ணைச் சொன்னால் அந்த அறையைச் சொல்ல வேண்டும். அவள் வாளிக்குத் திரும்பினாள். துணியில் ஒட்டியிருந்த நீலத்தைச் சோப்புப் போட்டுக் கசக்கினாள், போகாததை வெந்நீரில் ஊறவைத்துக் கசக்கினாள். வெள்ளை வெளேரென்று ஆகும்வரை விடவில்லை. மறுநாள் காலை அவர் அந்தத் துணியைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்து, பரவாயில்லை, நீ துவைத்தால் துவைத்ததுதான் என்றார். தூக்கில் போட்டது போலிருந்தது அவளுக்கு.

அதன்பிறகு தினமும் நீலம் வந்தது. தினமும் அவள் அதைத் துவைத்து எடுத்தாள். காசளவு உள்ளங்கை அளவாயிற்று, உள்ளங்கை அளவு தட்டளவாயிற்று.

மகன் சில நாள் குனிந்தும் சாய்ந்தும் ஓரத்தில் எங்கேயோ தன் முகத்தைக் கண்டுபிடித்துச் சமாளித்துக்கொண்டான். பிறகு ஒருநாள் காலையில் நெடுநேரம் தேடினான். மங்கலை விரலால் தடவினான். எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தான். கடைசியில் அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அப்பா ஸ்டீயரிங்கை விட்டு இறங்கி வந்தார். கதவின் அருகே குனிந்தார். அவளுக்கு எதிரில், பட்டப்பகலில், அந்த வெளிறிய இடத்தையே உள்ளங்கையால் தட்டிக் காட்டினார்.

"நல்லா பளபளன்னுதானே இருக்கு? உன் முகம் தெரியுது பாரு தங்கம். ஏறுப்பா."

மகன் காதுகளைப் பொத்திக்கொண்டான். அன்று முழுவதும் அவன் எழுந்திருக்கவில்லை. வெயில் ஏறியபோது அவள் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். எதிர்வீட்டுத் தையல்காரர் அன்று எதுவும் சொல்லாமல் ஒரு குவளை தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

இருட்டத் தொடங்கியதும் மகன் தானாக எழுந்து உள்ளே போனான். அவர் மறுபடி மெஷினை எடுத்து ஒயரைச் செருகினார். அவள் போய் அதைப் பிடுங்கிவிட்டாள்.

"அந்தத் தெருவிளக்கைப் பாருங்க," என்றாள். "அதைச் சுத்தி வட்டம் தெரியுதா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "தெரியுது."

"அதுக்கு யாரு பாலிஷ் போட்டாங்க?"

அவர் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். துணியில் வந்த நீலம், அதை அவள் கசக்கிக் கசக்கிப் போக்கியது, இப்போது கதவில் முகம் இல்லாத இடம் எவ்வளவு பெரியது என்பது, எதையும் மிச்சம் வைக்கவில்லை. அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். கோபப்பட்டிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் கையிலிருந்த துணியை மடித்து, இன்னும் சிறிதாக மடித்தார்.

"வட்டத்தை நெஜமாவே கதவுலதான்னு நினைச்சேன்," என்றார். "இடதுபக்கம் தெரியலைங்கறது எனக்குத் தெரியும். ரொம்ப நாளாவே தெரியும். நீயும் கண்டுக்காம இருக்கேன்னுதான் நானும் பேசாம இருந்தேன். கடைசிவரைக்கும் நீ சொல்லமாட்டேன்னு நினைச்சேன்."

"நானும் அப்படித்தாங்க நினைச்சேன்."

கண் டாக்டர் அதிகம் பேசவில்லை. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, இடது கண்ணில் பெரும்பகுதி போய்விட்டது, வலது கண்ணிலும் மங்கல் படிகிறது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து போடலாம், இன்றிலிருந்து வண்டி ஓட்டக்கூடாது. முன்னாலேயே வந்திருக்கலாமே என்று டாக்டர் கேட்டது மட்டும் அவள் நெஞ்சில் தைத்தது. அதைக் கேட்காமல் அவரால் எப்படி இருக்க முடியும்?

எல்லாம் செய்து பார்த்தார்கள். கதவுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்து, டிரைவர் ஒருவரை வைத்துப் பார்த்தார்கள். மகன் கதவில் முகம் பார்த்துச் சிரித்தான், ஏறினான், முன்னால் வேறொருவர் இருப்பதைக் கண்டதும் அந்த ஆளின் காதைக் கிழித்துவிட்டான். வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று நாடாவும் நாற்காலியும் வாங்கிப் போட்டார்கள். மையத்தின் மேஜையும் அங்கிருக்கும் முகங்களும் இல்லாமல் அவன் நாடாவைத் தொடவில்லை. சுவரில் தலையை மோதினான். சுவருக்குத் தலையணை கட்டினார்கள், தரையில் மோதினான். நெற்றியில் தையல் போட்டு அழைத்துவந்த அன்று, அவர்தான் அந்த அறையின் பேச்சை எடுத்தார். அவள் மறுப்பாள் என்று காத்திருந்ததுபோல் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தார். அவள் மறுக்கவில்லை.

காரை ஓட்ட ஆள் இல்லையே, நடந்துதான் போனார்கள். தினம் நடக்கிற தூரமில்லை, ஒருநாள் நடக்கலாம். விடிந்ததும் கிளம்பி, சத்தமில்லாத சந்துகளாகப் பார்த்துச் சுற்றி, மகனை நடுவில் விட்டு ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். அவள் முழங்கால் வீங்கிவிட்டது. துணிப்பையில் மாற்றுடுப்பும் புதுப் பல் பிரஷும் இருந்தன.

பொறுப்பாளர் அம்மாள் பையை வாங்கிக்கொண்டார். முதல் ஒரு மாதம் வந்து பார்க்காமல் இருப்பது நல்லது என்றார். மகனின் கையைப் பிடித்து நீளமான நடைக்கூடத்தில் அழைத்துக்கொண்டு போனார். நடையின் கோடியில் பெரிய ஜன்னல், அதிலிருந்து கண்ணைக் குத்துகிற வெளிச்சம். அதற்கு அருகில் அவனுடைய மேஜை. அவன் கத்துவான், ஓடிவந்து கட்டிக்கொள்வான், பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும் என்று இரவெல்லாம் அவள் மனதைக் கல்லாக்கி வைத்திருந்தாள். அப்படி எதுவும் நடக்கவில்லை. மேஜையைக் கண்டதும் அவன் நடை வேகமெடுத்தது. இத்தனை நாள் விட்டுப்போன வேலையைப் பிடித்துவிடுகிறவன்போல் போனான். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. மேஜையிலிருந்த நாடாச் சுருளை எடுத்துக்கொண்டு, பக்கத்துக் கதவு வழியாக நாற்காலி பின்னும் அறைக்குள் போய்விட்டான்.

நல்லதுதானே என்று தனக்குச் சொல்லிப் பார்த்தாள்.

அவர் பக்கத்தில் நின்று, நடையின் கோடியில் இருந்த வெளிச்சத்தின் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தார். இத்தனை தூரத்தில், அந்த வெளிச்சத்தில், அவருக்கு எல்லாம் ஒரே வெள்ளையாகத்தான் தெரிந்திருக்கும்.

"திரும்பிப் பாத்தானா?" என்று கேட்டார்.

"பாத்தான்," என்றாள்.

"சிரிச்சானா?"

"சிரிச்சான். இன்னும் அங்கதான் நிக்கிறான், உங்களையே பாத்துக்கிட்டு."

அவர் அவசரமாகச் சட்டையைச் சரிசெய்துகொண்டு, கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, ஆளில்லாத அந்த நடையைப் பார்த்து ஆட்டினார். கை வலித்து அவரே இறக்கும்வரை அவள் காத்திருந்தாள்.