இரண்டும் சரி என்றார் டீச்சர்

அரக்கோணத்தில் எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான். குண்டக்கல், சோலாப்பூர், பம்பாய் என்று சுற்றினேன். பம்பாயில் மஞ்சள் காமாலை வந்து படுத்தேன். எழுந்து நடக்க முடிந்ததும் ரயில் ஏறினேன். டிக்கெட் இல்லையென்று செகந்திராபாத்தில் இறக்கிவிட்டார்கள். அந்த ஊருக்கு நான் வந்த கதை அவ்வளவுதான். கொஞ்ச காலம் ஒரு லாட்ஜில் வாளி தூக்கினேன், பிறகு வாடகைக்கு ஆட்டோ எடுத்தேன்.

மாலையில் ஒரு நிலையான சவாரி உண்டு. லோத்குண்டாவில் நான்கு பிள்ளைகளை ஏற்றி, மாரெட்பள்ளியில் பஸ் போகிற ரோட்டின் மேலேயே இருந்த பியானோ டீச்சர் வீட்டில் இறக்க வேண்டும். வகுப்பு முடியும்வரை வாசலில் காத்திருந்து திரும்பக் கொண்டுபோய்விட வேண்டும். டீச்சர் தனியாள். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அந்த ஊரில் இருந்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். முன்பு நிறையப் பிள்ளைகள் வந்தார்களாம். நான் போன காலத்தில் என் வண்டியில் வந்த நால்வர்தான். அவர்கள் கொடுக்கிற ஃபீஸில் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

வருஷத்துக்கு ஒருமுறை லண்டனிலிருந்து ஒருவர் பரீட்சை எடுக்க வருவார். அந்த வருஷம் நால்வருக்கும் ஒரே பாடம். சின்னதுதான், ஆனால் பெரிய வித்வான்களும் மேடையில் வாசிப்பதாம். மாதக்கணக்கில் ஆட்டோவின் பின்சீட்டில் காலை நீட்டிக்கொண்டு அதைக் கேட்டேன். வேகமாகப் போகும். நடுவில் மேலேயிருந்து கீழே உருண்டு வருகிற ஓர் இடம். அங்கே நான்கு பேரும் தவறாமல் தடுக்கி விழுவார்கள். "அகைன்!" என்று டீச்சர் சத்தம் உள்ளேயிருந்து வரும். சமயத்தில், பிள்ளை தடுக்குவதற்கு முன்பே நான் வெளியே "அகைன்" என்பேன்.

அப்போதுதான் வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய பியானோ வித்வான் ஹைதராபாத்துக்கு வந்தார். அன்றைக்கு வாசிக்கப்போகிறவற்றில் பிள்ளைகளின் பாடமும் இருந்தது. டீச்சருக்கு நிலைகொள்ளவில்லை. பெற்றோர்களிடமெல்லாம் சொல்லி வரவைத்தார். மண்டப வாசலில் என்னைப் பார்த்து, "நீங்க கைக்கு வெளிய நிக்கிறீங்க? நீங்களும் மாசக்கணக்கா கேட்டிருக்கீங்கல்ல, உள்ள வாங்க" என்றார். 'கைக்கு' என்றால் அந்த ஊர்ப் பேச்சில் 'ஏன்'. கடைசி வரிசையில் உட்கார்ந்தேன்.

அந்த மனிதர் பிள்ளைகளின் பாடத்தை ஆரம்பித்தபோது அது அதுதான் என்று எனக்குத் தெரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அவ்வளவு மெதுவாக வாசித்தார். வலது கையில் இருக்க வேண்டியது தூரத்தில் கேட்டது. எப்போதும் காதில் விழாத இடது கை முன்னால் வந்து நின்றது. பிள்ளைகள் தடுக்குகிற இடம் வந்தது. உருளவில்லை. நிறுத்தினார். கை கட்டைகளின் மேலேயே இருந்தது, சத்தமே இல்லை. மண்டபம் முழுக்க இருமலை அடக்கிக்கொண்டு காத்திருந்தது. முன் வரிசையில் நம் பிள்ளைகள் களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அவரும் தங்களைப் போலவே தடுக்கிவிட்டார் என்று நினைத்தார்கள்.

குண்டக்கல் ரயில்வே யார்டில் படுத்திருந்த நாட்களில் ஒன்று கேட்பேன். எஞ்சின் தள்ளிவிட்ட வேகன்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் போய் மோதும். கடைசி மோதல் வருவதற்குள் ஓர் இடைவெளி இருக்கும். அதற்குக் காத்துக்கொண்டே கிடப்பேன். எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

முடிந்ததும் பாதிப் பேர் எழுந்து நின்று தட்டினார்கள். மீதிப் பேர் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்தார்கள். சிலர் வெளியே நடந்தார்கள். டீச்சர் தட்டவில்லை. மடியிலிருந்த கைப்பையின் கொக்கியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

வாசலில் இரண்டு அப்பாக்களுக்குள் வாக்குவாதம் பிடித்துக்கொண்டது. ஒருவர் ராணுவத்தில் ரிடையரான சுபேதார், வேலூர்ப் பக்கம். அவர் மகள் என் வண்டியில் வந்தாள். இன்னொருவர் தார்நாகாவில் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை, தஞ்சாவூர்க்காரர். அவருக்கு மகன்.

"என்னா சார் இது? ஒரு சத்தம் வந்து அடுத்த சத்தம் வர்றதுக்குள்ள போய் ஒரு டீ அடிச்சிட்டு வந்துடலாம் போலகீது. நடுவுல மறந்தே பூட்டான் அந்தாளு" என்றார் சுபேதார்.

"மறக்கலை சார். அதுதான் விஷயமே. நான் பிரமிச்சுப் போயிட்டேன். இத்தனை நாளா நம்ம பசங்க வாசிக்கறது வெறும் டைப் அடிக்கறது."

இருவரும் ஒரே நேரத்தில் டீச்சர் பக்கம் திரும்பினார்கள். "நீங்களே சொல்லுங்க மேடம். எது சரி?"

டீச்சர் கொக்கியை மூடினார். "ரெண்டும் சரிதான்."

"ஒரு கணக்குக்கு ரெண்டு விடை எப்படி சரியாகும்?" என்றார் தஞ்சாவூர்க்காரர்.

"பரிச்சைக்கு எதும்மா? அத சொல்லுங்க" என்றார் சுபேதார்.

"பரீட்சைக்கு நான் சொல்லிக் குடுத்ததுதான்."

"அப்போ இந்த வித்வானே வந்து பரீட்சை எழுதினா?" என்றார் தஞ்சாவூர்க்காரர்.

"ஃபெயில்தான்" என்றார் டீச்சர். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். சிரிப்பு ஓய்ந்ததும் தஞ்சாவூர்க்காரர் மட்டும், "அப்போ இந்த மாதிரி ஆளை ஃபெயிலாக்கறதைத்தான் நாங்க ஃபீஸ் கட்டிக் கத்துக்கறோமா?" என்றார்.  டீச்சர் பிள்ளைகளை வண்டியில் ஏறச் சொன்னார்.

அவரும் அதே வண்டியில்தான் வந்தார். வீட்டு வாசலில் இறங்கும்போது, "இன்னொரு தடவை கேக்க முடியாது, பாருங்க" என்றார். எனக்கா, தனக்கா என்று தெரியவில்லை.

வாரம் திரும்புவதற்குள் தஞ்சாவூர்க்காரர் என்னிடம், இனிமேல் தார்நாகாவுக்கு விடு என்றார். அவருடைய ஆபீஸ் பக்கத்தில் வேறொரு மாஸ்டர் இருந்தார். அந்த மாஸ்டர் கச்சேரிக்கே போகவில்லை. எது சரி என்று கேட்டதற்கு, "அதெல்லாம் நமக்கு எதுக்கு சார், புத்தகத்துல இருக்கறதைச் சொல்லித் தரேன்" என்றாராம். சுபேதாரும் அதே மாஸ்டரிடம் சேர்த்தார். கச்சேரி பிடித்தவர், டீச்சர் தப்பாகச் சொல்லித் தந்தார் என்று பிள்ளையை எடுத்தார். பிடிக்காதவர், "அந்தக் கூத்தையும் சரின்னு சொல்றாங்களே, அவங்களுக்கே நிச்சியமா தெரியலப்பா" என்று எடுத்தார்.

மற்ற இரண்டு வீட்டிலும் டீச்சர் மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் வண்டி ஒன்று. ஒரே நேரத்தில் மாரெட்பள்ளிக்கும் தார்நாகாவுக்கும் அது போகாது. அந்த இருவரை வேறு நேரத்தில் தனியாகக் கூட்டிப்போகிறேன் என்று போய்ச் சொன்னேன். இரண்டு பேருக்கு ஓர் ஆட்டோ கட்டுப்படியாகாது என்றார்கள். கூலியைக் குறைக்க என்னால் முடியவில்லை. வண்டி என்னுடையது இல்லை, ஓனருக்குத் தினமும் கட்டியாக வேண்டும். கடைசியில் நால்வரும் தார்நாகாவுக்கே ஆயிற்று.

டீச்சரிடம் சொல்ல நான்தான் போனேன். பியானோ திறந்திருந்தது. சொன்னதைக் கேட்டுவிட்டு, "நாலு பேருமா?" என்றார்.

"ஆமாங்க டீச்சர்."

"சின்னவளுமா?"

"வண்டி ஒண்ணுதானுங்களே."

"ஹவ், ஆமா, ஒண்ணுதான்." பிறகு, "நீங்களும் கேட்டீங்கல்ல அன்னைக்கு? எப்படி இருந்துச்சு?" என்றார்.

வேகன் மோதுகிற கதையைச் சொன்னேன்.

"அப்ப நீங்களும் அந்த ஆள் கட்சிதான்" என்று சிரித்தார். "எனக்கு அன்னையிலேர்ந்து பழைய மாதிரி வாசிக்க வரலை. விரல் ஓட மாட்டேங்குது. புதுசாவும் வரலை. அந்த எடத்துல எவ்வளவு நேரம் நிக்கணும்னு அவர் கைக்குத் தெரியுது, எனக்குத் தெரியலை. பிள்ளைங்க இங்கேயே இருந்தாலும் நான் என்னன்னு சொல்லிக் குடுத்திருப்பேன்?"

 டீ தரட்டுமா என்றார், வேண்டாம் என்றேன்.

லோத்குண்டாவிலிருந்து தார்நாகாவுக்குப் போகிற வழி அவர் வீட்டைத் தாண்டித்தான். ஒருநாள் சரியாக அங்கே முன்னால் ஒரு லாரி நின்றுவிட்டது. ஜன்னல் திறந்திருந்தது. அதே பாடம், மெதுவாக, இடது கை முன்னால். பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். சுபேதார் மகள் மட்டும் முன் கம்பியில் விரலால் பழைய வேகத்தில் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் எப்போதோ முடித்துவிட்டாள். உள்ளே டீச்சர் அந்த இடத்துக்கு இப்போதுதான் வந்தார். சத்தம் நின்றது.

"மிஸ் மறந்துட்டாங்க" என்றான் பையன்.

"நக்கோ, சும்மா இரு" என்றாள் அவள்.

நானும் கழுத்தை நீட்டிக் காத்திருந்தேன். லாரி நகர்ந்துவிட்டது. பின்னால் பஸ்காரன் ஹாரனில் கையை வைத்து எடுக்கவே இல்லை. கியரைப் போட்டேன். அடுத்த சுரம் விழுந்ததா என்று தெரியாது.