ருசி இல்லாமல் போன கொடுவா மீன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குப் பேய் பிசாசு, காத்து கருப்பு எதிலும் நம்பிக்கை கிடையாது. உத்தமபாளையத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறவன் நான். யாராவது "எங்க தெருவுல ஒரு புளியமரம்" என்று ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுவேன். அதனால் நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஆனால் நடந்தது பட்டப்பகலில், ஏசி போட்ட ஹோட்டலில், சுற்றிலும் நாற்பது பேர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது. இருட்டில் எதையோ பார்த்துப் பயந்துவிட்டேன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

என் மாமனாருக்குப் பக்கவாதம் வந்து, விழுங்க முடியாமல் போயிருந்தது. மூக்கு வழியாக ஒரு குழாய், அதில் கஞ்சித்தண்ணீர், அவ்வளவுதான் சாப்பாடு. பேச்சு குழறினாலும் புரியும். காலமெல்லாம் திராட்சைத் தோட்டத்தில் உழைத்துவிட்டு வந்து, உப்பும் காரமுமாக வெளுத்துக் கட்டிய மனிதர். பொழுது போகட்டும் என்று மச்சினன் பாண்டி கட்டிலுக்கு எதிரே செல்போனை நிறுத்தி வைத்தான், இவர் என்னடாவென்றால் நாள் முழுக்கச் சாப்பாட்டு வீடியோவாகப் பார்த்துத் தள்ளினார். எனக்கு எரிச்சலாக வரும். விழுங்க முடியாதவர் ஊரார் விழுங்குவதைப் பார்த்துக்கொண்டு கிடப்பதை எத்தனை நாள்தான் பார்ப்பது? அந்த வீடியோக்களில் மதுரையில் புதிதாகத் திறந்த பெரிய கடல் உணவு ஹோட்டல் ஒன்று வந்தது, அன்றிலிருந்து அதே பேச்சு.

"மாப்ள, அங்கன கொடுவா மீன வாழையிலையில சுட்டுத் தாராக பாருங்க. ஒரு வாய். ஒரே ஒரு வாய்."

அந்த ஒரு வாய் நுரையீரலுக்குள் போனால் ஆளே போய்விடுவார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த டாக்டரைப் பார்க்கத்தான் ஸ்கேன் படங்களோடு நானும் என் மனைவி தேன்மொழியும் மதுரைக்குப் போனோம். குழாயை இனி எடுக்கவே முடியாது என்று சொல்லிவிட்டார். காரில் ஏறியதும் தேன்மொழி அழுதாள், பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த ஹோட்டலுக்கு வண்டிய விடுங்க" என்றாள்.

"இப்பவா?"

"நாமளாச்சும் சாப்ட்டுப் போயி எப்படி இருந்துச்சுன்னு சொல்லுவோம். அதக் கேட்டாச்சும் அப்பா சந்தோசப்படுவாக."

அந்த ஹோட்டலைப் பற்றி என்ன சொல்வது! உட்கார்ந்தால் மேஜை நெஞ்சு வரைக்கும் வருகிற மாதிரி ஆளை விழுங்கும் சோபா, பல் கிட்டுகிற குளிர், என்ன மீன் என்று கண்டுபிடிக்கவே முடியாத இங்கிலீஷ் பட்டியல். கோட்டு போட்ட கேப்டன் ஒருவர் ஐஸ் தட்டில் கொடுவாவைக் கொண்டுவந்து, பெண் காட்டுவதுபோல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டினார். அது எந்தக் கடலில் பிடித்தது, எத்தனை மணிக்கு வந்து இறங்கியது என்று ஒரு பிரசங்கம். வயிறு காய்ந்துபோய் முக்கால் மணி நேரம் காத்திருந்தோம்.

மீன் வந்தது, கூடவே நண்டு. இலையைப் பிரித்து முதல் வாய் வைத்தேன். குறை சொல்ல முடியாது, பிரமாதம். தேன்மொழி கண்ணை மூடிக்கொண்டு மென்றாள், ஒவ்வொன்றையும் அப்பாவிடம் சொல்ல மனதுக்குள் குறித்துக்கொள்கிறாள் என்று தெரிந்தது. இரண்டாவது வாய் வைத்தேன், நம்பினால் நம்புங்கள், அதில் ஒன்றுமே இல்லை. உப்பு இல்லை, காரம் இல்லை, மீன் வாசனைகூட இல்லை, வெறும் பஞ்சு. நண்டைக் கடித்தேன், அதுவும் அப்படியே. தேன்மொழியும் மெல்லுவதை நிறுத்திவிட்டாள்.

கேப்டனைக் கூப்பிட்டுக் கத்தினேன். மீனை எடுத்துக்கொண்டு போய் வேறு மீன் கொண்டுவந்தார்கள், இந்தத் தடவை சமையல்காரரே கூட வந்து, "இப்பத்தான் சார் உள்ள டேஸ்ட் பண்ணேன்" என்றார். முதல் வாய் பிரமாதம். இரண்டாவது வாய் பஞ்சு. அவரையே என் தட்டிலிருந்து ஒரு துண்டு எடுத்துச் சாப்பிடச் சொன்னேன். சாப்பிட்டார். என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார். பக்கத்து மேஜையில் அதே மீனை முள்ளைக்கூட விடாமல் உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

"என்னங்க," என்றாள் தேன்மொழி, "இது படையல் சோறு மாதிரி இருக்கு."

எங்கள் பக்கம் செத்தவர்களுக்குப் படைத்த சோறு சப்பென்று இருக்கும் என்பார்கள். வந்தவர்கள் ருசியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்களாம். எனக்குக் கெட்ட கோபம் வந்தது, "படிச்சவ பேசுற பேச்சா இது?" என்று திட்டினேன். அவள் காதிலேயே வாங்கவில்லை, பாண்டிக்குப் போன் போட்டாள்.

"பாண்டி, அப்பா எப்படிடா இருக்காக?"

"நல்லாத்தான்க்கா இருக்காக. இம்புட்டு நேரம் வாய மென்னுக்கிட்டே கெடந்தாக, இப்பத்தான் பெரிய ஏப்பமா விட்டுட்டுக் கண்ண மூடுனாக."

"கஞ்சி ஊத்துனியா?"

"இன்னும் ஊத்தலையேக்கா."

எழுந்து வந்துவிட்டோம். எங்கள் இரண்டு பேருக்கும் நாக்கில்தான் கோளாறு என்று நீங்கள் சொல்வீர்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன், உசிலம்பட்டியில் வண்டியை நிறுத்தி டீ வாங்கினேன். சர்க்கரை தூக்கலாக இருந்தது, கொதிக்கிற டீ நாக்கைச் சுட்டது, எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது.

வீட்டுக்குள் நுழைந்தபோது மாமா விழித்திருந்தார். ஹோட்டலுக்குப் போனதை நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை, போனில்கூடச் சொல்லவில்லை. அவர் என்னைப் பார்த்துக் கோணல் வாயால் சிரித்தார்.

"வாங்க மாப்ள. மீனு நல்லாருந்துச்சு. நண்டுதான் ஓடு கெட்டி." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "கடைசில எலுமிச்சம்பழம் மெதக்க வெந்நி வச்சாகளே, அதக் குடிச்சுப்புட்டேன். அதுலதான் உப்பே இல்ல" என்றார்.

கை கழுவுவதற்காக வைத்த தண்ணீர் அது. கோபத்தில் நாங்கள் அதைத் தொடக்கூட இல்லை. வீடியோவில் பார்த்திருப்பார் என்று தேன்மொழியிடம் சொன்னேன், யாராவது கேட்டால் இப்போதும் அதைத்தான் சொல்கிறேன். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "போதும் ஆத்தா, வயிறு நெறஞ்சிருச்சு" என்றார். அதற்குப் பிறகு அந்தச் செல்போனை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. இருபது நாள் கழித்துத் தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார்.

முப்பதாம் நாள் படையலுக்குப் பாண்டி விடியற்காலையிலேயே மதுரைக்குக் கிளம்பிப் போய், அதே ஹோட்டலில் அதே கொடுவாவும் நண்டும் வாங்கி வந்தான். இலை போட்டு, படத்துக்கு முன்னால் எல்லாம் வைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். இதெல்லாம் வீண் வேலை என்று முணுமுணுத்துக்கொண்டுதான் நானும் நின்றேன். கதவைத் திறந்ததும் தேன்மொழி எல்லோருக்கும் முன்னால் போய் மீனில் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டாள். இன்னொரு துண்டு போட்டாள். அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

நானும் எடுத்துத் தின்று பார்த்தேன். உப்பு, புளிப்பு, காரம், எதுவும் குறையவில்லை. இரண்டாவது வாயும் அப்படியேதான் இருந்தது. சொந்தக்காரர்கள் சப்புக்கொட்டிச் சாப்பிட்டுவிட்டு எந்த ஹோட்டல் என்று விசாரித்தார்கள்.

"அப்பா வரலங்க," என்றாள் அவள்.

படையல் சோறு ருசியாக இருந்ததற்கு ஓர் இயற்பியல் வாத்தியார் பயப்படலாமா என்று கேளுங்கள். பயமாகத்தான் இருக்கிறது. கட்டிலைவிட்டு எழ முடியாதபோது மதுரைக்கு வந்து சாப்பிட்டவருக்கு, தன் வீட்டுக் கூடத்தில் போட்ட இலைக்கு வர முடியவில்லை என்றால் அவர் எங்கேதான் போனார்? இந்த வருஷமும் திவசத்துக்கு அந்த மீனை வாங்கிப் படைத்தோம். தேன்மொழி ஒரு வாய் வைத்துப் பார்த்தாள், ருசியாக இருந்தது, சாப்பிடாமல் எழுந்து கை கழுவிவிட்டாள்.