இருபத்தாறாம் திகதி

ஐந்தாம் வகுப்புவரை என் பிறந்தநாள் டிசெம்பர் இருபத்தேழு என்றே நம்பியிருந்தேன்.

அந்த ஆண்டு விடுமுறைக்கு முன் ரீச்சர் ஒரு வேலை தந்தார். நாங்கள் பிறந்த திகதியில் உலகில் நடந்த முக்கிய சம்பவங்களைத் தேடி எழுதி, பிறப்புச் சான்றிதழின் பிரதியையும் ஒட்டிக் கொண்டுவர வேண்டும். அதற்காக அலுமாரியைக் கிண்டியபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. நான் பிறந்தது இருபத்தாறாம் திகதி. திருகோணமலைக்குள் சுனாமி புகுந்த அதே காலை, கடல் எட்டாத கந்தளாயில்.

"மாமிக்காகத்தான் பிள்ளை, ஒருநாள் தள்ளிக் கொண்டாடினனாங்கள்" என்றார் அம்மா, குரலைத் தணித்து.

மாமி, அப்பாவின் அக்கா. எங்களோடுதான் இருந்தார். அவருடைய ஒரே மகனைக் கடல் கொண்டுபோனது எனக்குத் தெரியும். ஆனால் எனக்கு அவன் படத்தில் சிரிக்கும் ஓர் அண்ணா, அவ்வளவுதான். என்னுடைய நாளை எல்லோருமாகச் சேர்ந்து ஒளித்துவைத்திருந்தார்கள் என்பதே பெரிதாகப் பட்டது.

"இந்தமுறை என்ரை நாளிலதான் கேக் வெட்டோணும்" என்று சாப்பிடாமல் அடம்பிடித்தேன். அப்பா கையை ஓங்கினார். மாமி தடுத்தார்.

"அவள் கேக்கிறது சரிதானே தம்பி. பிள்ளை பிறந்த நாளை ஆர் மாத்தேலும்?"

பிறகு என் கொப்பியை வாங்கிப் பார்த்தார். ரேடியத்தின் கண்டுபிடிப்பு அறிவிக்கப்பட்டது, சோவியத் ஒன்றியம் கலைந்தது, சுனாமி, நான் பிறந்தது என்று நிறநிறப் பேனாக்களால் இலக்கமிட்டு எழுதியிருந்தேன். மூன்றாவது வரியில் அவர் விரல் சற்று நின்றது.

"எழுத்து வடிவாயிருக்கு" என்றார்.

இருபத்தாறாம் திகதி காலைப் பூசை முடிந்து கடற்கரைக்குப் போன மாமி, பின்னேரம்தான் திரும்பினார். அதற்குள் என் தோழிகள் வந்துவிட்டார்கள். சுவரெல்லாம் பலூன். சேலைக்கரையில் ஒட்டிய மணலோடு மாமி வாசலில் நின்றார்.

"பிறந்தநாளுக்கு வெள்ளைச் சேலையோ மாமி?" என்று கேட்டேன்.

அம்மா சட்டென்று என் தோளைப் பிடித்தார். மாமி உள்ளே போனார். வெகுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. அம்மாவின் நீலச் சேலையொன்றை உடுத்திக்கொண்டு வந்து, எனக்குப் பக்கத்தில் நின்று, என் கைமேல் தன் கையை வைத்தார்.

கேக்கின்மேல் கத்தி நடுங்கியது. கத்தி பாரமாக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.